அண்ணன் தம்பி படங்களுக்கு இரண்டாவது ஞாயிறு வேண்டும்

தமிழ்நாட்டுத் திரையரங்கு உரிமையாளர்களுக்கும், மல்டிபிளெக்ஸ்களில் எந்தப் படத்துக்கு எந்த நேரம் என்று முடிவு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். புது இயக்குநர் ஒருவர், பெரிய நடிகர் யாரும் இல்லாமல், சொந்தப் பணத்திலும் நண்பர்கள் பணத்திலும் எடுத்த முதல் படம் உங்களிடம் வரும்போது, அதற்கு ஒரு திரையில் ஒரே ஒரு மாலைக் காட்சியை 14 நாட்களுக்குக் கொடுங்கள். வருகிற எல்லாப் படத்துக்கும் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு படம் போதும். அதிலும் அண்ணன் தம்பி, குடும்பம், காதல் என்று ஒரு வீட்டைச் சுற்றியே நடக்கும் கதைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இப்போது நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டில் முதலில் அடிபடுவது அவைதான்.

ஏற்பாடு என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வருகின்றன. ஒரே வெள்ளிக்கிழமையில் நாலைந்து படங்கள் மோதுகின்றன. சின்னப் படத்துக்குக் காலை 11 மணிக் காட்சி கிடைக்கிறது, இல்லையென்றால் இரவு பத்தரை. சனிக்கிழமை முன்பதிவைப் பார்க்கிறீர்கள், திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிடுகிறீர்கள். செவ்வாய்க்கிழமை யாராவது ஒருவர் தன் அக்காவிடம் "நல்லா இருக்கு, போய்ப் பாரு" என்று சொல்லும்போது படம் ஊரில் எங்குமே இல்லை. சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து மல்டிபிளெக்ஸ் ஒன்றில் இரண்டு சகோதரர்களைப் பற்றிய ஒரு படத்துக்கு வேலை முடிந்து போய் நின்றபோது, கவுன்டரில் இருந்த பையன் "சார், அது மதியமே மாத்திட்டாங்க" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்று என்னோடு திரும்பிப் போனவர்களில் மூன்று பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

அண்ணன் தம்பிகளைப் பற்றிய படம் ஏன் மெதுவாகத்தான் கிளம்பும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை டிரெய்லரில் காட்ட முடியாது. நம் ஊரில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? அம்மாவின் ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டினார்கள் என்பது இருக்கிறது. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுக் கேட்காமல் பத்து வருடம் ஓடியிருக்கும். ஒருவன் துபாய்க்கோ திருப்பூருக்கோ போய்ப் பணம் அனுப்பியிருப்பான், இன்னொருவன் ஊரிலேயே இருந்து அப்பாவைக் குளிப்பாட்டியிருப்பான். இருவருமே நான்தான் அதிகம் செய்தேன் என்று நினைப்பார்கள், இருவர் நினைப்பதும் சரியாகத்தான் இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிய ஆரம்பித்த நாளை அந்த வீட்டுப் பிள்ளைகள் கடைசி வரை மறக்க மாட்டார்கள். தம்பி ஒரு பெண்ணைக் காதலிக்கிறான் என்றால் அது முதலில் அண்ணிக்குத்தான் தெரியும், அவள் அதை அண்ணனிடம் எப்போது எப்படிச் சொல்கிறாள் என்பதில் அந்தக் குடும்பத்தின் பாதிக் கதை அடங்கிவிடும். இதில் எதை எடுத்து முப்பது நொடியில் காட்டி, பின்னணியில் பறை அடிப்பது?

பெரிய நட்சத்திரப் படங்களிலும் அண்ணன் தம்பி இருக்கிறார்கள்தான். தம்பியைக் கொன்றவனை அண்ணன் தேடிப் போகிறான், அண்ணனுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தம்பி ஊரையே அடிக்கிறான். அந்தப் படங்களை நானும் விசிலடித்துப் பார்த்தவன், அவற்றின் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஆனால் அங்கே சகோதரப் பாசம் சண்டை போட ஒரு காரணம் மட்டும்தான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன தம்பியை, மறுநாள் காலையில் அண்ணன் எப்படிக் கூப்பிடுகிறான் என்று காட்ட அங்கே நேரமும் இல்லை, தேவையும் இல்லை. அதைக் காட்டுவதற்கு ஒரு புது ஆள் வர வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் தன் வீட்டிலிருந்தே அவர் அதை எடுத்து வருகிறார்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அவருக்குக் கிடைத்தது என்ன, நம் ஆட்களுக்குக் கிடைக்காதது என்ன என்பது அந்தக் கதையில் தெளிவாகத் தெரிகிறது. எட்வர்ட் பர்ன்ஸ் என்று ஓர் இளைஞர். அப்பா நியூயார்க் போலீசில் வேலை பார்த்தவர். மகன் ஒரு டிவி நிகழ்ச்சியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதிகளில் ஒரு படம் எடுத்தார். பெயர் 'தி பிரதர்ஸ் மெக்முல்லன்'. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வாழும் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துச் சகோதரர்கள் மூன்று பேரின் கதை. எழுத்தும் இயக்கமும் அவரே, நடு சகோதரனாக நடித்ததும் அவரே. 16 எம்.எம். பிலிமில், சுமார் 25,000 டாலரை வைத்துக்கொண்டு தொடங்கினார். அதில் அப்பாவின் பணமும் இருந்தது. பெற்றோர் வசித்த வீடுதான் முக்கியமான படப்பிடிப்புத் தளம். நடிகர்களை ஒரு நாடகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பிடித்தார்.

படத்தின் தொடக்கம் அப்பாவின் சமாதி. குடித்துவிட்டுக் குடும்பத்தைப் படாத பாடு படுத்திய அப்பா. மண் போட்ட கையோடு அம்மா நடு மகனிடம் ஒன்று சொல்கிறாள்: நான் வாழ்நாள் முழுக்க வேறு ஒருவரைத்தான் நேசித்தேன், அவரிடம் அயர்லாந்துக்குப் போகிறேன். அவள் போய்விடுகிறாள். மிச்சம் இருக்கும் மூன்று பேர் படம் முழுக்க ஒரே வீட்டில் கிடந்து காதலைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசிக்கொண்டே தப்பும் செய்கிறார்கள். மூத்தவன் நல்ல மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணிடம் போகிறான். கடைக்குட்டி மதம், பாவம், கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிறான். நடு சகோதரன் யாரிடமும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சபதம் போட்டுவிட்டு ஒருத்தியிடம் மாட்டிக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை. துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. அம்மாவின் அந்த ஒரு வாக்கியம் மட்டும் மூன்று மகன்களின் மேலும் கடைசி வரை நிற்கிறது. இப்படி வாழ்ந்துவிடக் கூடாது என்ற பயம் ஒவ்வொருவனிடமும் ஒவ்வொரு விதமாக வெளியே வருகிறது. ஓர் அம்மாவின் காதலை வைத்து மகன்களின் கதையைச் சொன்ன அந்த இடம்தான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. மகன்கள் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவே இல்லை.

படத்தை முடித்தபின் பர்ன்ஸ் தட்டாத கதவு இல்லை. யாரும் திறக்கவில்லை. கடைசியில், தான் வேலை பார்த்த நிகழ்ச்சிக்குப் பேட்டி கொடுக்க வந்த ராபர்ட் ரெட்ஃபோர்டிடம் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டார். ரெட்ஃபோர்ட் பெரிய நடிகர், சுயாதீனப் படங்களை வளர்க்கும் சன்டான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1995 சன்டான்ஸ் விழாவில் படத்துக்கு உயரிய நடுவர் பரிசு கிடைத்தது. ஃபாக்ஸ் நிறுவனம் சின்னப் படங்களுக்காகவே 'சர்ச்லைட்' என்று தனிப் பிரிவு தொடங்கியிருந்த நேரம் அது. அந்தப் பிரிவு வெளியிட்ட முதல் படம் இதுதான். ஆகஸ்டில் முதலில் ஒரு சில அரங்குகளில் மட்டும் வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் பேசப் பேச அரங்குகளைக் கூட்டினார்கள். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி டாலருக்கு மேல் வசூல்.

அந்தப் படத்துக்குப் பரிசு உதவியது என்பது உண்மை. ஆனால் பரிசு வாங்கிய படத்தை நூற்றுக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் போட்டு, நாலாம் நாள் எடுத்திருந்தால் இன்று யாருக்கும் அந்தப் பெயர் நினைவிருக்காது. ஆட்கள் வர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கில் வைத்து வெளியிட்டார்கள். நம்மிடம் பரிசு வாங்கும் படங்கள் இருக்கின்றன. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருதை வென்றது, ஆஸ்கருக்கு இந்தியாவின் தேர்வாகவும் போனது. அப்பாவும் மகனும் வெயிலில் நடக்கிற அந்தப் படத்தைத் தமிழ்நாட்டு ரசிகன் 2023-ல் ஓடிடியில்தான் பார்த்தான். அந்தப் பொட்டல் வெளியையும் அந்த வெயிலையும் கைபேசியில் பார்ப்பது என்ன பார்ப்பது?

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சரி, நம் கதைக்கே வருகிறேன். 1978 ஆகஸ்ட் 15 அன்று மகேந்திரனின் முதல் படமான 'முள்ளும் மலரும்' வந்தது. அதுவும் உடன்பிறந்தவர்களின் கதை. விஞ்ச் ஆபரேட்டர் காளி, அவன் தங்கை வள்ளி, அவளை விரும்பும் இன்ஜினியர். ரஜினியே நடித்திருந்தும் முதல் சில வாரங்கள் கூட்டம் இல்லை. வசனம் குறைவாக இருந்ததில் தயாரிப்பாளருக்கே மனக்குறை. பிறகு வாய்வழியாகப் பேச்சுப் பரவி நூறு நாள் ஓடியது. கடைசிக் காட்சியில் தங்கை எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருவாள். அவன் சம்மதித்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்து இப்போதும் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்பான். அந்த இடத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அன்று அந்த அரங்குக்காரர்கள் நாலாம் நாள் படத்தை மாற்றியிருந்தால் இந்தப் பேச்சு ஏது?

இருபத்தோரு வருடம் கழித்து, 1999 டிசம்பர் 10-ல் 'சேது'. பாலாவின் முதல் படம். திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியின் வேலைநிறுத்தத்தில் மாட்டி நின்று, முடிந்த பிறகும் வாங்க ஆளில்லாமல், விநியோகஸ்தர்களுக்கு மாற்றி மாற்றித் திரையிட்டுக் காட்டி ஓய்ந்து போன படம். கடைசியில் சென்னைப் புறநகர் அரங்கு ஒன்றில் ஒரே ஒரு பகல் காட்சியாகத்தான் தொடங்கியது. அரங்கு காலி. அப்புறம் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி, காட்சிகள் கூடி, பல அரங்குகளில் நூறு நாளைத் தாண்டியது. காதல் கதை என்றுதான் எல்லோரும் அதை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் சிவகுமார் நடித்த அந்த அண்ணனையும், வீட்டில் சேதுவைப் புரிந்துகொள்ளும் அந்த அண்ணியையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், அவனுக்கு என்ன பறிபோனது என்பதே நமக்குப் புரியாமல் போயிருக்கும். அனுபவமுள்ள விநியோகஸ்தர்கள் அத்தனை பேர் பார்த்தும் அது ஓடும் என்று சொல்ல முடியவில்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இந்த வகைப் படத்தை முன்கூட்டிக் கணிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அதைத் திரையில் சில நாள் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது.

2015 ஜூனில் வந்த மணிகண்டனின் முதல் படமான 'காக்கா முட்டை'யைச் சுயாதீனப் படம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. தனுஷும் வெற்றிமாறனும் பின்னால் நின்றார்கள். ஆனால் அதனால்தானே அதற்கு நல்ல காட்சி நேரம் கிடைத்தது? 299 ரூபாய் பீட்சாவுக்காகக் கரி பொறுக்கிக் காசு சேர்க்கும் அண்ணன் தம்பி, ஜெயிலில் இருக்கும் அப்பா, தோசைக்கல்லில் பீட்சா செய்து பார்க்கும் பாட்டி. நட்சத்திரமே இல்லாத அந்தப் படத்தை நம் மக்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். ஆக, மக்களுக்கு இந்த மாதிரிக் கதை வேண்டாம் என்பது உண்மையில்லை. பெரிய கை ஒன்று பின்னால் இல்லாத மணிகண்டன்களுக்குத்தான் இன்று வழியில்லை.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. கரன்ட் பில், ஆள் சம்பளம், ஏசி, பராமரிப்பு என்று காலி அரங்கும் செலவு வைக்கிறது. சென்னையில் 2016-ல் சாந்தி போனது, 2020-ல் அகஸ்தியா போனது, 2024-ல் உதயமும் மூடியது. இருக்கிறவர்கள் தாக்குப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். அதனால்தான் உங்கள் கணக்கிலேயே வைத்துப் பேசுகிறேன். நட்சத்திரப் படமே ஆனாலும் முதல் வாரம் முடிந்து வரும் செவ்வாய், புதன் மாலைகளில் எத்தனை இருக்கை நிரம்புகிறது? ஐந்தாறு திரை உள்ள வளாகத்தில் ஒரே படத்தை மூன்று திரையில் அரைகுறையாக ஓட்டும் நாட்கள் வருடத்தில் எத்தனை? அந்த மூன்றாவது திரையின் மாலைக் காட்சியைத்தான் கேட்கிறேன். பொதுவாக வாரம் போகப் போக வசூலில் தயாரிப்பாளர் பங்கு குறைந்து உங்கள் பங்கு கூடுகிறது. அப்படியென்றால் மெதுவாகக் கிளம்பி நின்று ஓடுகிற படம் உங்களுக்குத்தானே லாபம்? குடும்பமாக வருகிறவர்கள்தான் கேன்டீனிலும் செலவு செய்வார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் குடும்பம் எப்போது வரும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் மூன்று நாள் வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், நண்பர்களோடு வருகிறவர்கள். ஐந்து பேர் உள்ள வீடு அப்படிக் கிளம்பாது. டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும், பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், எல்லோருக்கும் லீவு அமைய வேண்டும். முதல் ஞாயிறு அதற்குள் போய்விடும். அவர்கள் வரும் நாள் இரண்டாவது ஞாயிறு. அந்த நாளில் படம் அரங்கில் இருக்க வேண்டும், அதுவும் வீட்டுக்கார அம்மா வேலை முடித்துக் கிளம்பக்கூடிய நேரத்தில் இருக்க வேண்டும். 14 நாள் என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சுமையும் இருக்கிறது. திரைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டிய டிஜிட்டல் திரையிடல் கட்டணத்துக்காக 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் தமிழ்ப் படங்கள் வெளியாகாமல் நின்றன. அந்தப் பிரச்சினையின் முழு நியாயத்துக்குள் நான் போகவில்லை. நூறு கோடி வசூலை எதிர்பார்க்கும் படத்துக்கு அந்தக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை, சொந்த வீட்டை அடமானம் வைத்துப் படம் எடுத்தவருக்கு அது பெரிய தொகை. அதையும் கட்டிவிட்டு நாலு காலைக் காட்சியோடு அவர் வெளியேற வேண்டியிருக்கிறது. திரையரங்கில் எத்தனை நாள் ஓடியது என்று பார்த்துத்தான் இப்போது ஓடிடிக்காரர்களும் விலை பேசுகிறார்கள். நீங்கள் திங்கட்கிழமை எடுக்கும் முடிவு உங்கள் அரங்கோடு நிற்பதில்லை. அடுத்த படம் எடுக்கும் தைரியத்தையும் அது தின்றுவிடுகிறது.

வருகிற சின்னப் படமெல்லாம் நன்றாகவா இருக்கிறது என்று கேட்டால், இல்லை. பாதிக்கு மேல் பார்க்க முடியாதவை. நானே பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட படம் 14 நாள் மாலைக் காட்சியை வாங்கிக்கொண்டு உங்களை நஷ்டப்படுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் மாதத்துக்கு ஒன்று என்கிறேன், தேர்வையும் உங்களிடமே விடுகிறேன். படத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள். உங்கள் மனைவியை, அம்மாவை, தம்பியை உட்கார வைத்துப் பாருங்கள். மகாராஷ்டிராவில் 2015-ல் அரசே தலையிட்டு மல்டிபிளெக்ஸ்கள் மராத்திப் படங்களுக்கு நல்ல நேரம் ஒதுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டி வந்தது. திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று அரசு திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் அரங்குகளே இருக்கின்றன. இங்கே அரசாணை வந்து உங்கள் கையைப் பிடிக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. நீங்களாகச் செய்தால் அது நிலைக்கும்.

ஒற்றைத் திரை வைத்திருக்கும் சின்ன ஊர்க்காரர்களிடம் 14 நாள் கேட்பது நியாயமில்லை. உங்களால் முடிந்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேட்னி என்றால் அதைக் கொடுங்கள், ஆனால் இரண்டு ஞாயிறும் கொடுங்கள்.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. நல்ல படத்தை ஆதரிக்கவில்லை என்று உங்களைத் திட்டிவிட்டு, அது ஓடிடியில் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கிறவர்கள் எங்களிடம் நிறைய. டிக்கெட் வாங்காமல் விமர்சனம் மட்டும் எழுதுகிறவர்களும் உண்டு. நீங்கள் ஒரு படத்துக்கு இரண்டு வாரம் உறுதி கொடுத்தால், முதல் வாரமே போய்ப் பார்த்து, அடுத்த வாரம் வீட்டையே கூட்டிவர நாங்கள் தயார். எங்கள் வட்டத்தில் இருக்கும் பள்ளி ஆசிரியர்கள், பேங்க் ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பல பேரிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: "போனா படம் இருக்குமா?"

அந்த உறுதியை நீங்கள் கொடுக்கலாம். முன்பதிவு செயலியிலும் அரங்கு வாசலிலும் "இந்தப் படம் இந்தத் தேதி வரை, மாலை ஆறரை மணிக்கு" என்று ஒரு வரி போட்டால் போதும். கூட்டம் வராவிட்டால் அடுத்த மாதம் வேறு படம். மூன்று மாதம் செய்து பார்த்து ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், அப்போது உங்களிடம் கணக்கு இருக்கும், எங்களுக்கும் பேச வாய் இருக்காது.

முதல் படத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். தேதியை மட்டும் பத்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள், வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்குச் சொல்லி வரவழைக்க எங்களுக்கு அந்த நேரம் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அரங்குகளில் வளர்ந்த ஒரு ரசிகன்